ஒரே ராத்திரியில் செத்த மீன்கள்: நோயா, தண்ணீரா?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீட்டு மூன்றடித் தொட்டியில் நான்கு கோல்டு ஃபிஷ், இரண்டு கௌராமி, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் ஒன்று வளர்த்தோம். பாசி பிடித்ததால் போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீரை முழுக்க இறைத்து, கல், ஃபில்டர் ஸ்பாஞ்சு எல்லாம் குழாயடியில் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரையே நிரப்பினோம். சாயங்காலமே கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடிவதற்குள் நான்கும் செத்துவிட்டன. செவுள் வெளுத்து, வழவழவென்று இருந்தது. கரண்டு போகவில்லை, மோட்டார் ஓடியது. மற்ற மூன்றும் உயிரோடு இருக்கின்றன. நோய் என்று கடையில் நீல மருந்து கொடுத்தார்கள். ஊற்றலாமா? மகன் வேறு மீன் கேட்டு அழுகிறான்.
- வாசகி, வடசேரி

பதில்: மருந்தை அப்படியே மூடி வையுங்கள் தங்கச்சி. நோய் வந்த மீன் இரை எடுக்காது, ஓரமாக ஒதுங்கும், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். தண்ணீர் மாற்றிய அன்றே நான்கும் சேர்ந்து போனால் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு விடை சொன்னது பிழைத்த மீன்கள். கௌராமிக்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கச் செவுளுக்கு மேலே தனி உறுப்பு உண்டு. சக்கர் காற்றை விழுங்கி வயிற்றாலேயே உறிஞ்சிக்கொள்ளும். கோல்டு ஃபிஷுக்குச் செவுளை விட்டால் வேறு வழியில்லை. மோட்டார் ஓடியதால் தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தது; அதை எடுக்கச் செவுள்தான் சரியாக இல்லை. அதைக் கெடுத்தது குளோரின்.

நாகர்கோவிலுக்கு வரும் முக்கடல் அணைத் தண்ணீரோ வேறு எதுவோ, குழாயில் வந்தால் குளோரின் கலந்துதான் வரும். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பது இந்தியத் தர விதி. நமக்கு அது அவசியம். மீன் செவுளுக்கோ அதைவிடக் குறைந்த அளவே கேடு. மழையில் தண்ணீர் கலங்கினால் கூடுதலாகவும் போடுவார்கள். நம் குமரி மாவட்டத்துக்கோ ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம்.

பக்கெட்டில் பிடித்து, காற்றுக்குழாய் விட்டு, ஒரு நாள் வைத்தால் சாதாரணக் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் கேளுங்கள். சோடியம் தயோசல்ஃபேட்தான் அது. கிணற்றுத் தண்ணீர் நல்லதுதான். ஆனால் மழைக்குப் பிறகு கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடும் பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் உண்டு; அதிலும் குளோரின்தான். கேட்டுவிட்டு எடுங்கள்.

எனக்கு இப்போது மிச்சமிருக்கும் மூன்றைப் பற்றித்தான் கவலை. மீன் கழிவில் வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் இருந்தது. குழாயடியில் தேய்த்தபோது அதில் பெரும்பகுதி போயிருக்கும். இனிவரும் நாட்களில் அம்மோனியா ஏறும். நீல மருந்து மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் கெடுக்கும், அதனால்தான் வேண்டாம் என்றேன். இரையைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும், குளோரின் நீக்கி, மாற்றுங்கள். ஸ்பாஞ்சு அழுக்கானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். பாசியைக் கண்ணாடியில் மட்டும் சுரண்டினால் போதும்.

மகனை ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு இரண்டு கோல்டு ஃபிஷ் வாங்கிக் கொடுங்கள். அந்தத் தொட்டிக்கு நான்கு அதிகம்.