மூன்று பாடநெறிக்கும் ஒரே பூட்டா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சமூகக் கல்லூரியில் இணைப்பாளராக இருக்கிறேன். சுருக்கெழுத்து–தட்டெழுத்து, பேஜ்மேக்கரில் டி.டி.பி. (கணினியில் அச்சுப் பக்க வடிவமைப்பு), ஃபிளாஷோடு வெப் டிசைன் என்று மூன்று டிப்ளோமாக்களுக்கும் ஆள் சேர்வது நன்றாகக் குறைந்துவிட்டது. வருகிற ஜனவரியோடு மூன்றையும் நிறுத்தச் சொல்கிறது நிர்வாகம். 14 பிள்ளைகள் இடைநடுவில் படிக்கிறார்கள். தட்டெழுத்து டீச்சர் 20 வருடமாக இங்கேயே இருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஜனவரி என்ற கெடுவை முதலில் ஒதுக்கி வையுங்கள். மூன்றுக்கும் வந்திருக்கும் நோய் வேறு வேறு.

வெப் பக்கங்களில் அசைபடம் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் 31 ஓடு அதைக் கைகழுவிவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாதபடி தடுத்தும் விட்டது. அதைக் காசு வாங்கிப் படிப்பிப்பது நியாயமில்லை. புதிய சேர்க்கையை இன்றைக்கே நிறுத்துங்கள். இப்போது படிப்பவர்களுக்கு அந்த மணித்தியாலங்களில் இன்றைய வெப் வேலை எதையாவது கற்றுக்கொடுங்கள்.

டி.டி.பி. அப்படியல்ல. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001 இல். மென்பொருள் செத்ததே தவிரத் தொழில் சாகவில்லை. கொட்டாஞ்சேனையிலோ புறக்கோட்டையிலோ ஒரு அச்சகத்தில் ஒரு பின்னேரம் போய் இருந்து பாருங்கள். அந்தியேட்டிக் கல்வெட்டுக்கான, அதாவது இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு புத்தகத்துக்கான, தேவாரத்தையும் நன்றி நவிலலையும் வீட்டுக்காரர் வட்ஸ்அப்பில் யூனிகோட்டில் அனுப்பியிருப்பார். அச்சகத்தின் பழைய கோப்போ பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கும். மாற்றி ஒட்டும்போது கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம் போய் நிற்கும். டைப்செட் செய்யும் பெடியன் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருப்பான், நாளைக்குக் காலை கல்வெட்டு வீட்டுக்குப் போகவேண்டும். இரண்டு எழுத்துருவும் தெரிந்த ஆள்தான் அங்கே தேவை. உங்கள் பாடத்திட்டம் பாமினியோடு நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். இதை மூடவேண்டாம், பாடத்திட்டத்தை மாற்றி எழுதுங்கள்.

சுருக்கெழுத்தில்தான் எனக்கு நிர்வாகத்தோடு உடன்பாடில்லை. ஆள் குறைவு என்பதும் தேவை இல்லை என்பதும் ஒன்றல்ல. நீதிமன்றங்களில் தமிழ்ச் சுருக்கெழுத்தாளர் பதவி இன்னும் இருக்கிறது, பாராளுமன்றத்தில் உரைகளைப் பதிவு செய்யும் ஹன்சாட்டும் இருக்கிறது. வருடத்துக்கு இருபது பேரைச் சேர்க்கும் தொழில் அல்ல, சரி. அப்படியென்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு அணி எடுங்கள், அல்லது மாலை வகுப்பாக ஆக்குங்கள். அதற்கு முன் ஒரு கணக்குப் பார்க்கவேண்டும். கடந்த ஐந்து வருடத்தில் விசாரித்து வந்தவர்கள் எத்தனை பேர், சேர்ந்தவர்கள் எத்தனை, முடித்தவர்கள் எத்தனை, அந்தப் படிப்பால் வேலை எடுத்தவர்கள் எத்தனை? நிறையப் பேர் விசாரித்துவிட்டுச் சேராமல் போயிருந்தால், பிரச்சினை நேர அட்டவணையிலோ கட்டணத்திலோ இருக்கலாம். தட்டெழுத்து அலகை வேறு டிப்ளோமா ஏதும் பங்குபோடுகிறதா என்றும் பாருங்கள். அலுவலக முகாமைத்துவப் பிள்ளைகளும் அந்த வகுப்புக்குத்தான் வருகிறார்கள் என்றால், ஒன்றை இழுக்க மற்றதும் சேர்ந்து வரும்.

அடுத்தது அந்த 14 பேர். சேர்க்கையை நிறுத்துவது ஒரு நாள் வேலை. படிப்பை நிறுத்துவது, கடைசியாகச் சேர்ந்த பிள்ளை முடித்து, தவறிய பாடத்தைத் திரும்ப எழுதவும் ஒரு தவணை கொடுத்த பிறகுதான். ஒரு வருட டிப்ளோமா என்றால் கடைசிச் சேர்க்கையிலிருந்து குறைந்தது ஒன்றரை வருடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் கடிதம் கொடுங்கள்: இருந்து முடிக்கலாம், முடித்த அலகுகளோடு வேறு நெறிக்கு மாறலாம், அல்லது மிச்சக் காசைத் திருப்பி வாங்கலாம். அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

இந்த நெறிகளில் ஏதாவது தேசிய தொழிற் தகைமையோடு, அதாவது என்.வி.கியூ. வோடு இணைந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு கொடுக்கும் அங்கீகாரத்துக்குக் காலவரை உண்டு. எப்படியும் மூடப்போகிறோமே என்று புதுப்பிக்காமல் விட்டால், கடைசி அணி மதிப்பீட்டுக்குப் போகும் நேரத்தில் அங்கீகாரம் இருக்காது. கடைசிப் பிள்ளைக்குச் சான்றிதழ் வரும்வரை அதை உயிரோடு வைத்திருங்கள்.

டீச்சர் விஷயம். நிர்வாகக் கூட்டக் குறிப்பில் முடிவாக எழுதுமுன் அவரைக் கூப்பிட்டு இருத்திப் பேசுங்கள். வேகமாகத் தமிழ் தட்டத் தெரிந்த ஒருவர், புதிய டி.டி.பி. நெறியில் யூனிகோட் தட்டெழுத்தை ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பில் படிப்பிக்க ஒரு மாதப் பயிற்சி போதும். அதையும் மீறி அனுப்பத்தான் வேண்டுமென்றால், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கணக்குப் பண்ணவேண்டும். 20 வருடத்துக்குப் பத்து மாதச் சம்பளம். வேலையை நிறுத்த அனுமதி தேவையா என்று தொழில் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். அந்தத் தொழிற்கல்வி ஆணைக்குழுவும், தொழில் திணைக்களம் இருக்கும் தொழில் செயலகமும் நாரஹேன்பிட்டியில்தான். ஒரே காலையில் இரண்டையும் முடிக்கலாம், மழை பெய்யாவிட்டால்.

அப்புறம் ஆவணங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது, மூடிய பாடநெறிகளின் புள்ளிப் பதிவேடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். பத்து வருடம் கழித்துக் கனடாவிலிருந்து ஒருவர் தன் டிப்ளோமாவை உறுதிப்படுத்தக் கேட்டு எழுதினார். சான்றிதழின் படத்தை அவர்தான் அனுப்பினார், கல்லூரியில் அவர் பெயர்கூட இல்லை. புள்ளிப் பதிவேட்டோடு, எந்த வருடத்தில் என்ன படிப்பித்தீர்கள், எத்தனை மணித்தியாலம் என்று காட்டும் பாடத்திட்டப் பிரதி ஒன்றையும் எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இன்னொன்று, வாசல் பலகையையும் முகநூல் பக்கத்தையும் இந்தக் கிழமையே பாருங்கள். ஃபிளாஷ் டிப்ளோமா இன்னும் அங்கே இருந்தால், ஏ.எல். முடித்த யாராவது ஒரு பிள்ளை டிசம்பரில் காசோடு வந்து நிற்கும்.