கேள்வி – பதில்: படத்தில் வராத எக்செல் தாள்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய, என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் பற்றியவை. ஒரு நிறுவனத்தின் வேலைகள், ஆட்கள், தகவல்கள், கணினி அமைப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்று கண்டுபிடித்து வரைகிற துறை அது. என் உத்தியோக காலம் முழுக்க இந்த வேலைதான் என்பதால், ஆசையோடு பதில் எழுதுகிறேன்.

எங்கள் நிதி நிறுவனத்தில் என்னை என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் ஆக்கிவிட்டார்கள். டோகாஃப் (TOGAF) என்ற வழிமுறைச் சட்டகத்தைப் படித்து, மூன்று மாதத்தில் மொத்த நிறுவனத்துக்கும் படம் போட்டுத் தர வேண்டுமாம். எங்கிருந்து தொடங்குவது, மேடம்?
– வாசகி, சென்னை

மொத்த நிறுவனத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரே ஒரு கடன் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கிளைக்குள் வந்ததிலிருந்து வாடிக்கையாளர் கணக்கில் பணம் ஏறும்வரை யார் யார் கைக்குப் போகிறது, எந்தெந்த சிஸ்டத்தில் ஏறுகிறது என்று கூடவே போய்ப் பாருங்கள்.

டோகாஃப் நல்ல சட்டகம்தான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பழைய சட்டகம் ஒன்றை வைத்து 1995-ல் ஓபன் குரூப் என்ற தொழில்நுட்பத் தர அமைப்பு கொண்டுவந்தது. நோக்கத்தில் தொடங்கி, வேலைமுறை, தகவல், தொழில்நுட்பம் என்று போய், மாற்றத்தை நிர்வகிப்பதுவரை ஏ முதல் எச் வரை கட்டங்கள் வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் அப்படியே செய் என்று அதுவே சொல்லவில்லை. உங்கள் நிறுவனத்துக்குத் தக்கபடி வெட்டிக்கொள்ளச் சொல்கிறது. எனக்கு அன்றாடம் கைகொடுப்பது அதற்கும் முந்தியது. ஐ.பி.எம்.மில் இருந்த ஜான் ஸாக்மன் 1987-ல் ஒரு கட்டுரை எழுதினார். என்ன, எப்படி, எங்கே என்ற மூன்று கேள்விகள் அதில் இருந்தன. 1992-ல் ஜான் சோவாவோடு சேர்ந்து யார், எப்போது, ஏன் என்ற மூன்றையும் சேர்த்தார். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொரு மேசையிலும் கேளுங்கள்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வாகன கிளெய்ம் பிரிவுக்கு இப்படிப் போனேன். அவர்கள் வைத்திருந்த படத்தில் கிளெய்ம் சிஸ்டத்திலிருந்து அக்கவுன்ட்ஸ் சிஸ்டத்துக்கு ஒரே ஒரு அம்புக்குறி. மேசையில் போய் உட்கார்ந்தால், அங்கிருந்த அம்மா ஒரு எக்செல் தாளைத் திறந்து வைத்திருக்கிறார். இரண்டு சிஸ்டத்திலும் கிளெய்ம் எண் வேறு வேறு மாதிரி இருப்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டி வைக்கிறார். சர்வேயர் ரிப்போர்ட் வராததற்கு மஞ்சள், வந்தும் கையெழுத்து ஆகாததற்கு ஆரஞ்சு, பணம் போனதற்குப் பச்சை. அவர் லீவு போட்டால் அந்த மண்டலத்துக்கே பணம் போகாது. அந்தத் தாளை ஒரு சிவப்புப் பெட்டியாகப் படத்தில் போட்டேன். அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் எல்லோரும் கேட்டது அந்தப் பெட்டியைப் பற்றித்தான். உங்கள் நிறுவனத்திலும் அப்படி ஒரு தாள் கட்டாயம் இருக்கும். அதைப் படத்தில் ஏற்றுங்கள். வைத்திருப்பவரைக் குற்றவாளி மாதிரி காட்டிவிடாதீர்கள். வேலையை இழுத்துப் பிடித்து நடத்துவது அவர்தான்.

அப்பா காலத்திலிருந்து பனியன் ஏற்றுமதி செய்கிறோம். 200 பேர் வேலை செய்கிறார்கள். ஆலோசகர் ஒருவர் ஆர்க்கிடெக்சர் மென்பொருள் வாங்கச் சொல்கிறார். வருடா வருடம் லைசென்ஸ் கட்டணம். அவசியமா?
– வாசகர், திருப்பூர்

வேண்டாம். படம் வரைய ஆர்க்கிமேட் என்ற பொதுக் குறியீட்டு முறை இருக்கிறது. நெதர்லாந்தில் உருவாகி, இப்போது ஓபன் குரூப் பராமரிக்கிறது. அதில் வரைவதற்கு ஆர்ச்சி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் அளவுக்கு அதுகூட அப்புறம்தான்.

சைமன் வார்ட்லி 2005 வாக்கில் வரையத் தொடங்கிய வார்ட்லி வரைபடத்தை முயன்று பாருங்கள். ஒரு சார்ட் பேப்பர் போதும். உச்சியில் பையர், அதாவது உங்களிடம் சரக்கு வாங்குகிறவர். அவருக்கு என்ன தேவை, அதற்கு என்ன தேவை என்று கீழே இறங்குங்கள்: ஷிப்மென்ட், பேக்கிங், தையல், கட்டிங், டையிங், நிட்டிங், நூல், கணக்கு. பிறகு ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். இதுவரை யாரும் செய்யாதது இடது ஓரம், நமக்கென்று செய்துகொண்டது அடுத்து, கடையில் கிடைப்பது அதற்கும் அடுத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பது வலது ஓரம். கணக்கும் ஜி.எஸ்.டி.யும் வலது ஓரத்துக்குப் போய்விடும். அதற்குத் தனியாக சாஃப்ட்வேர் எழுதச் சொல்லிப் பணம் கொடுக்காதீர்கள். பையர் கேட்ட சாம்பிளைச் சீக்கிரம் சரியாகத் தருகிற உங்கள் கைவரிசை இடது பக்கம் நிற்கும். செலவு அங்கே செய்யுங்கள்.

டையிங்கை எங்கே வைப்பது என்று வரும்போது உங்கள் அப்பாவும், ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசரும் மோதிக்கொள்வார்கள். பணம் கொடுத்தால் எந்த யூனிட்டும் செய்யும் என்பார் அப்பா. ஷேடு மாறாமல் தருவது அந்த ஒரு யூனிட்தான் என்பார் மெர்ச்சன்டைசர். குறுக்கே போகாமல் கேளுங்கள். அந்த ஒரே யூனிட்டை நம்பி உங்கள் எத்தனை ஆர்டர் நிற்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

எங்கள் மருத்துவமனையில் நர்ஸ்கள் ஒரு வருடத்துக்குள் போய்விடுகிறார்கள். ஹெச்.ஆர். மென்பொருள், டேஷ்போர்டு எல்லாம் போட்டாயிற்று. ராஜினாமா படிவத்தில் எல்லோரும் 'சொந்தக் காரணம்' என்றே எழுதுகிறார்கள். இதற்கு ஏதாவது சட்டகம் உண்டா?
– நிர்வாக அதிகாரி, மதுரை

உண்டு. ஆனால் வரைபடச் சட்டகம் இதற்கு உதவாது. நடப்பதற்கு அர்த்தம் கண்டுபிடிக்கிற வேலை இது. கார்ல் வைக் என்ற அமெரிக்க அறிஞர் இதைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியிருக்கிறார். 1949 ஆகஸ்ட் 5 அன்று மொன்டானா மாநிலத்தின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் காட்டுத் தீயை அணைக்க 15 பேர் பாராசூட்டில் குதித்தார்கள். கீழே இருந்த வனக் காவலர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். மறுநாள் காலை 10 மணிக்குள் அடங்கிவிடும் ரகம் என்று அந்தத் தீக்குப் பெயர் வைத்தே இறங்கினார்கள். தீ பள்ளத்தாக்கைத் தாண்டி எதிரே ஏறி வந்தபோது தலைவர் வாக்னர் டாட்ஜ் கருவிகளைக் கீழே போடச் சொன்னார். முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, எரிந்து முடிந்த சாம்பலில் படுத்துக்கொண்டு மற்றவர்களையும் கூப்பிட்டார். அவர்களுக்கு அது புரியவில்லை, ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். டாட்ஜ் பிழைத்தார். வைக் 1993-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனம் கனக்கும். ஒரு பெயரை வைத்துவிட்டால், அந்தப் பெயருக்கு ஒத்து வராததை நாம் பார்க்காமலே விட்டுவிடுகிறோம். 'சொந்தக் காரணம்' உங்கள் மருத்துவமனையின் பத்து மணித் தீ.

அந்தக் கட்டத்தை இன்றே படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பதிலாக, வேலையில் இருக்கிற நர்ஸ்களிடம் ஒரே கேள்வி: "உங்கள் தங்கை நர்சிங் முடித்துவிட்டு இங்கே சேரட்டுமா என்று கேட்டால், போன மாதம் நடந்த எந்தச் சம்பவத்தை அவளிடம் சொல்வீர்கள்?" பெயர் வேண்டாம். வார்டு, ஷிப்ட் மட்டும் போதும். வந்த சம்பவங்களை நீங்கள் வகை பிரிக்காதீர்கள். நர்ஸ்களையே உட்கார வைத்து அடுக்கச் சொல்லுங்கள்.

ஐ.பி.எம்.மில் இருந்தபோது 1999 வாக்கில் டேவ் ஸ்னோடன் உருவாக்கிய குனெவின் சட்டகம் இங்கே கைகொடுக்கும். ஒரு பிரச்சினை எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கிற சட்டகம் அது. சம்பளப் பட்டியல் போடுவது தெளிவான வேலை, விதி போதும். ஆறு வார்டுக்கு டியூட்டி ரோஸ்டர் போடுவது சிக்கலானது. விவரம் தெரிந்தவர் உட்கார்ந்தால் தீரும். நர்ஸ்கள் போவது வேறு ரகம். காரணங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும், நடந்து முடிந்த பிறகுதான் புரியும். அங்கே பெரிய திட்டம் போடாமல் சின்னச் சின்ன முயற்சிகளாக வையுங்கள். ஒரு வார்டில் நைட் டியூட்டி முடிகிற நேரத்துக்கு ஹாஸ்டல் வண்டி. இன்னொன்றில், புதிதாகச் சேர்ந்தவர் டாக்டரிடம் தனியாக ரிப்போர்ட் செய்யாமல் சீனியர் சிஸ்டர் கூட நிற்பது. எது நடந்தால் விரிப்பது, எது நடந்தால் நிறுத்துவது என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.

நான் வேலை செய்யும் சீட்டு நிறுவனத்தில் எல்லாக் கிளைகளையும் ஒரே வார இறுதியில் புது சாஃப்ட்வேருக்கு மாற்றத் தேதி குறித்துவிட்டார்கள். பயமாக இருக்கிறது.
– கிளை மேலாளர், கோவை

பயம் நியாயமானதுதான். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை ஏறக்குறைய ஒரே வார இறுதியில் புதுத் தளத்துக்கு மாற்றியது. திங்கட்கிழமை ஆயிரக்கணக்கானோர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில் மட்டுமே, எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் தாங்குமா என்று பார்க்கிற சுமைச் சோதனை நடந்திருந்தது பின்னால் வந்த விசாரணையில் தெரிந்தது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் சுமார் 4.9 கோடி பவுண்டு அபராதம் போட்டன.

மேலிடத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள். முதலில் மாறப்போகும் ஒரே கிளை எது? திங்கட்கிழமை எத்தனை மணிக்குள், என்ன தவறினால், யார் "பழையதுக்கே திரும்புங்கள்" என்று சொல்வார்? பதில் எழுத்தில் வராவிட்டால் தேதியைத் தள்ளச் சொல்லி நீங்களும் எழுத்தில் கொடுங்கள். ஏலத் தேதி வருகிற வாரமாக இருந்தால் கட்டாயம் தள்ளச் சொல்லுங்கள்.