வானவில் பேட்ஜ் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

மாணவர்களின் பேச்சுரிமை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நாங்கள் ஃபுளோரிடாவில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். தோழி ஒருத்திக்காகப் பையில், தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவைக் காட்டும் வானவில் பேட்ஜ் குத்திக்கொண்டு போகிறாள். தன்பாலீர்ப்பாளர்கள் மீது எனக்கு வெறுப்பில்லை. ஆனால் படிக்கிற இடத்தில் இது எதற்கு? நாளைக்கு ஒரு பையன் இதை எதிர்த்து எழுதிய சட்டையோடு வந்தால்? இரண்டையும் தடுத்துவிட்டால் பள்ளி நிம்மதியாக இருக்காதா?

குமரன்

அன்புள்ள குமரன்,

உங்கள் மாநிலத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஹோம்ஸ் கவுன்ட்டியில் பான்ஸ் டி லியோன் என்று ஒரு சிற்றூர். 2007 செப்டம்பரில் அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி, தான் தன்பாலீர்ப்பு உள்ளவள் என்பதால் மற்றவர்கள் கேலி செய்வதாகச் சொன்னாள். தலைமையாசிரியர் அவளையே கூப்பிட்டு, அப்படி இருப்பது தவறு என்றார். வீட்டுக்கும் சொல்லிவிட்டார். பொறுக்க முடியாமல் மற்ற மாணவர்கள் ‘கே பிரைடு’ (தன்பாலீர்ப்பாளர் பெருமிதம்) என்று கையில் எழுதிக்கொண்டு வந்தார்கள். அவர் ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார், சிலரை இடைநீக்கம் செய்தார். வானவில்லுக்கும் தடை. அதைப் பார்த்தால் பிள்ளைகள் மனதில் உடலுறவுக் காட்சி ஓடும் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்.

வழக்குப் போட்டவள் தன்பாலீர்ப்பாளர் அல்ல. அவளுடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி அப்படி, அவ்வளவுதான். உங்கள் மகளும் இப்படித்தான் ஒருத்திக்காக நிற்கிறாள். 2008-இல் நீதிபதி ரிச்சர்ட் ஸ்மோக் மாணவி பக்கம் தீர்ப்பளித்தார். பெயரளவுக்கு 1 டாலர் இழப்பீடு. வழக்குச் செலவாகப் பள்ளி வாரியம் 3,25,000 டாலர் கட்டியது.

தீர்ப்புக்கு அடிப்படை 1969-இன் டிங்கர் வழக்கு. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிவந்த பிள்ளைகளை அயோவா மாநிலத்தில் பள்ளிகள் வெளியே அனுப்பின. அவர்களில் மேரி பெத் டிங்கருக்குப் பட்டை கட்டியபோது வயது 13. பாடம் நடப்பது பெரிதாகக் கெடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலோ, பிறர் உரிமையில் கைவைத்தாலோ மட்டும்தான் பள்ளி தடுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். பார்ப்பவருக்குச் சங்கடம் என்பது காரணமாகாது.

அந்த இன்னொரு பையனுக்கும் இதே உரிமை உண்டு. இதைத் தயங்காமல் சொல்கிறேன். இல்லினாய் மாநிலம் நேப்பர்வில்லில், தன்பாலீர்ப்பைக் கண்டித்து வாசகம் எழுதிய சட்டை விஷயத்தில் மாணவர்களுக்கு 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. ஆதரவை அனுமதிக்கிற பள்ளி எதிர்ப்பின் வாயைக் கட்டக் கூடாது என்பது அதன் சாரம். 2024-இல் மாசசூசெட்ஸிலிருந்து போன வழக்கில், பாலினம் இரண்டுதான் என்ற சட்டைக்குப் பள்ளி விதித்த தடை செல்லும் என்று வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கருத்தைச் சட்டையில் எழுதுவது வேறு, ஒரு பிள்ளையைக் குறிவைத்துத் துரத்துவது வேறு. இரண்டாவதைப் பள்ளி தடுத்தே ஆகவேண்டும்.

இரண்டையும் தடுத்துவிடலாம் என்கிறீர்கள். எல்லாருக்கும் ஒரே சீருடை என்றால் அது தனிப் பேச்சு. இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஒதுக்கினால் யாருக்கு நிம்மதி? கேலிக்குச் சட்டையோ பேட்ஜோ வேண்டாம். கழிப்பறை வாசலில், பேருந்தில், போனில் அது பாட்டுக்கு நடக்கும். உனக்கு நான் இருக்கிறேன் என்று காட்டுகிற பேட்ஜ் மட்டும்தான் காணாமல்போகும். அந்தத் தோழியின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மாநிலத்தின் 2022 சட்டத்தை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். அது தன்பாலீர்ப்பு, பாலின அடையாளம் போன்றவற்றை வகுப்பில் பாடமாக நடத்துவதைப் பற்றியது. மாணவர்கள் தங்களுக்குள் பேசுவதை அது தடுக்கவில்லை என்று, அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2024 மார்ச்சில் ஏற்பட்ட சமரசத்திலேயே தெளிவாக்கிவிட்டார்கள்.

மகளைக் கழற்றச் சொல்லாதீர்கள். பள்ளியில் யாராவது சொன்னால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா