நாமினி என்றால் வாரிசுதானே? அப்பாவின் டெபாசிட்டுக்கு அண்ணன் நாமினி என்றால் தங்கைக்குப் பங்கு கிடையாதா?

நாமினி வேறு, வாரிசு வேறு. வங்கியிலிருந்து பணத்தை வாங்கும் உரிமை நாமினிக்கு. அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்மானிப்பது உயில். உயில் இல்லையென்றால் வாரிசுரிமைச் சட்டம். அதனால் அப்பா வேறு யாருக்காவது உயில் எழுதி வைக்கவில்லையென்றால் தங்கைக்கும் பங்கு உண்டு.

கேள்வியைப் பார்த்தால் அந்தத் தங்கை நீங்கள்தான் என்று தோன்றுகிறது. "நாமினியில உங்க பேரே இல்லையேம்மா" என்று கவுன்டரில் யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது வந்த பணத்தை அப்படியே டெபாசிட்டில் போட்டார். அப்பா போன பிறகு, ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்த ரசீதை அம்மா எடுத்துக் கொடுத்தார். நாமினி என்ற இடத்தில் அண்ணன் பெயர். "அப்பா எனக்குன்னு எழுதி வச்சிருக்காரு" என்றார் அண்ணன். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் மனதார அப்படித்தான் நம்பினார். "உனக்குத்தான் நகை போட்டு அனுப்பியாச்சே, இன்னும் என்ன?" என்று அத்தை வேறு.

வங்கி மேலாளரிடம் கேட்டேன். "நாமினிக்குத்தான் எல்லாம், மத்தவங்களுக்கு ஒண்ணும் கிடையாது" என்றார். வங்கி பணத்தை நாமினியிடம்தான் கொடுக்கும் என்ற அளவில் முதல் பாதி சரி. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45 இசட்.ஏ. பிரிவுப்படி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. ஆனால் பணத்தை வாங்கியவர் மேல் மற்றவர்களுக்கு இருக்கும் உரிமை இதனால் பாதிக்கப்படாது என்றும் அதே பிரிவே சொல்கிறது. மேலாளர் அதைச் சொல்லவேயில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு மனைவி, மகன், மகள், தாய் எல்லாருமே முதல் வகுப்பு வாரிசுகள். (நீங்கள் வேறு மதம் என்றால் சட்டமும் பங்கும் மாறும்.) எங்கள் அப்பத்தா, அதாவது அப்பாவின் அம்மா, அப்போது உயிரோடு இருந்தார். ஆக அம்மா, அண்ணன், நான், அப்பத்தா என்று நாலு சமபங்கு. அப்பத்தாவுக்குப் பங்கு உண்டென்று அதுவரை வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சட்டப் பிரிவை அச்செடுத்துக்கொண்டு போய் அண்ணன் முன்னால் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் அண்ணன் ஒன்றுமே பேசவில்லை. பிறகு, "அப்பத்தாளுக்குமா?" என்று மட்டும் கேட்டார். மறுவாரமே பிரித்துக் கொடுத்தார்.

கூடப் பிறந்தவரிடமே கணக்குப் பார்த்தவள் என்று இங்கேயும் சிலர் எழுத வருவார்கள். எழுதட்டும். நான் கேட்டது என் பங்கை மட்டும் அல்ல, வாய் திறந்து கேட்கத் தெரியாத இரண்டு பெண்களின் பங்கையும் சேர்த்து.

அப்பத்தாவுக்குக் கணக்குத் தொடங்கப் போனால் கைரேகை விழவில்லை. காலமெல்லாம் நாற்று நட்டுத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? ரேஷன் கடையிலும் இதே கதைதான். ஈரத்துணியில் துடை, அடுத்த விரலை வை, நாளைக்கு வா என்பார்கள். வயதானவர்களை வரிசையில் நிற்க வைத்துவிட்டு இப்படிச் செய்வதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸிலும் நாமினி பணத்தை வாங்கும் கைதான் என்று உச்ச நீதிமன்றம் 1983லேயே சர்பதி தேவி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் இன்சூரன்ஸ் சட்டத்தில் வந்த 2015 திருத்தம், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பாலிசிப் பணத்தின் பலன் அவர்களுக்கே என்கிறது. அதனால் உங்கள் அப்பாவுக்குப் பாலிசியும் இருந்தால் அதை டெபாசிட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள். கம்பெனிப் பங்குகளில் நாமினி உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்பதை 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். அதனாலும் வாரிசுகளின் உரிமை போய்விடாது.

எனக்கும் பங்கு உண்டு என்று வங்கிக்கு மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவர்கள் அதை ஏற்க வேண்டியதில்லை, அதையும் சட்டமே சொல்கிறது. இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது வந்ததும் அண்ணனிடம் நேராகப் பேசுங்கள். அவர் மறுத்தால், பணம் கைமாறுவதற்கு முன்பே சிவில் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேளுங்கள். பணத்தை எடுத்துவிட்டார் என்றாலும் அவர்மேல் வழக்குப் போடலாம், ஆனால் செலவழிந்த பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.