ஹோபார்ட் நெருங்கும்போது – கடிதம்

அன்புள்ள அக்கா,

சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் படகுப் போட்டியில் நீங்கள் குழுவில் ஒருவராகப் போன கதையைப் படித்தேன். ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாத் தீவுக்கும் நடுவிலுள்ள பாஸ் நீரிணையில் அலை அடித்த இரவை அத்தனை விரிவாக எழுதிவிட்டு, கடைசியில் "அப்புறம் ஹோபார்ட் வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கரை தெரிந்ததும் எல்லோரும் கூச்சல் போட்டிருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் என் அண்ணனோ, துறைமுகத்துக்கு முந்தைய இரண்டு நாள்தான் நகரவே நகராது என்கிறான். போட்டியில் எப்படி? முடியப்போகிறது என்பது சந்தோஷமா, வருத்தமா?

ரா.

அன்புள்ள ரா.,

இரண்டும் இல்லை. எரிச்சல்தான்.

எங்களுக்குக் கரை முதலில் தெரிந்தது டாஸ்மன் தீவில். கடலிலிருந்து நேராக எழும்பும் கருத்த பாறைகள், உச்சியில் கலங்கரை விளக்கம். மொத்தம் 628 கடல் மைலில் அங்கிருந்து மிச்சம் நாற்பது சொச்சம்தான். கூச்சல் போடுவதாக இருந்தால் அங்கே போட்டுக்கொள்ளலாம். எங்கள் படகிலும் ஒருவர் போட்டார். அதற்கப்புறம் ஸ்டார்ம் பே என்ற விரிகுடா, அயர்ன் பாட் கலங்கரை விளக்கம், டெர்வென்ட் ஆறு. முடிவுக் கோடு கடலில் இல்லை. ஆற்றுக்குள் போய், நகரத்தின் வாசலில், பேட்டரி பாயின்ட் பக்கம் இருக்கிறது. வம்பே அதுதான்.

பிற்பகலில் வந்தால் கடற்காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு வந்தால் ஆற்றில் காற்று செத்துக் கிடக்கும். நீங்கள் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் அண்ணனின் கப்பலுக்கு எஞ்சின் உண்டு, சேரும் நேரம் உண்டு. எங்களிடமும் எஞ்சின் இருந்தது. பேட்டரி சார்ஜ் செய்யலாம், படகை நகர்த்தக் கூடாது. நீரோட்டம் எதிராக இருந்தால் படகு பின்னுக்குப் போக ஆரம்பிக்கும். அப்போது நங்கூரம் போடலாம், விதி அனுமதிக்கிறது. பாய் எல்லாவற்றையும் ஏற்றி வைத்துக்கொண்டு, நகரத்து விளக்குகளைப் பார்த்தபடி நங்கூரம் போட்டு நிற்கிற போட்டியை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

சென்னை போகிற பஸ் பெருங்களத்தூரில் நின்றுவிட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோரும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். அதேதான். ஆனால் பஸ்ஸில் நீங்கள் எழுந்து நின்றால் பஸ் மெதுவாகாது. படகில் ஆகும்.

பாஸ் நீரிணையில் எங்கள் வேலை, காற்று வரும் பக்கத்து ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு வரிசையாக உட்கார்ந்து படகு சாயாமல் எடை கொடுப்பது. கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும், பல் கிட்டிக்கும், ஆனால் அதைச் செய்யப் பெரிய புத்தி வேண்டாம். ஆற்றில் எல்லாம் தலைகீழ். எதிர்ப் பக்கத்துக்குப் போய் உட்கார்ந்து, படகைக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் காற்றில்லாத பாய் தன் எடையிலேயே தொங்கி வடிவம் பிடிக்கும். நடக்கக் கூடாது. நடந்தால் படகு ஆடும், பாயில் ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சநஞ்சக் காற்றும் உதிர்ந்துவிடும். டீ போடக் கீழே இறங்குவதானாலும் பூனை மாதிரிதான்.

அந்த நேரம் பார்த்து போனுக்கு சிக்னல் வந்துவிடுகிறது. ஒருவர் மனைவியோடு பேசுகிறார், இன்னொருவர் காலையில் எங்கே சாப்பிடலாம் என்று தேடுகிறார். நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் தூக்கம் என்று அதுவரை ஒழுங்காக ஓடிய முறை கலைந்துபோகிறது. கீழே தூங்க வேண்டியவர்களும் மேலே வந்து நிற்கிறார்கள். எங்கள் ஸ்கிப்பர் (படகின் தலைவர்), புயலிலும் குரல் உயர்த்தாதவர், அன்றைக்குத்தான் கத்தினார். போன்களைப் பையில் போடச் சொல்லி, பாதிப் பேரைத் தூங்க அனுப்பினார். எனக்கும் கோபம்தான் வந்தது. அவர் செய்தது சரி.

முதலிடம் போனவர்கள் எப்போதோ வந்து சேர்ந்திருப்பார்களே, நமக்கென்ன என்று கேட்கலாம். எங்களைப் போன்ற சின்னப் படகுகளுக்குத்தான் அந்த ஆறு கொடுமை. ஒவ்வொரு படகுக்கும் அதன் அளவையும் வடிவத்தையும் பொறுத்து ஒரு எண் உண்டு. எடுத்துக்கொண்ட நேரத்தை அதனால் பெருக்கி வருவதுதான் கணக்கு. ஒட்டுமொத்த வெற்றிக்கான டாட்டர்சால் கோப்பை அந்தக் கணக்கில்தான் கொடுக்கப்படுகிறது. ஆகவே நாற்பதாவதாக வருகிற படகுக்கும் ஆற்றில் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் செலவு.

பெரிய படகுகளும் தப்புவதில்லை. 2023இல் லாகனெக்ட், ஆண்டூ கமான்ச் என்ற இரண்டு நூறடிப் படகுகள். ஒன்றே முக்கால் நாளுக்கு மேல் ஓடிவந்து, டெர்வென்ட்டுக்குள் மாறி மாறி முந்தி, கடைசியில் லாகனெக்ட் 51 விநாடியில் ஜெயித்தது. 1982இல் காண்டார் ஆஃப் பெர்முடா ஜெயித்த வித்தியாசம் 7 விநாடி. இந்தப் போட்டி என்றாலே எல்லோரும் புயல் அடித்த 1998ஐத்தான் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான்; அந்த வருஷம் 115 படகுகள் கிளம்பி 44தான் போய்ச் சேர்ந்தன, ஆறு பேர் இறந்தார்கள். ஆனால் பயம் இருக்கிற இடத்தில் குழு தானாக ஒன்றாகிவிடும். ஆற்றில் பயமுறுத்த எதுவும் இல்லை, ஆளுக்கொரு பக்கம் மனசு இறங்கிப் போய்விடுகிறது. அந்தப் பகுதியை நான் ஒரு வரியில் தாண்டியதற்குக் காரணம், அங்கே எதுவும் நடக்கவில்லை என்பதுதான். நடக்காமல் இருப்பதற்காகத்தான் அத்தனை பாடும்.

கோட்டைத் தாண்டியதும் சந்தோஷம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஐந்து நிமிஷம் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அப்புறம் ஈரப் பாய்களை மடித்து, படகைக் கழுவிவிட்டுத்தான் கரையேறவிட்டார் ஸ்கிப்பர்.

உங்கள் அண்ணனிடம் ஒன்று கேட்டு எழுதுங்களேன். துறைமுகத்துக்கு முந்தைய அந்த இரண்டு நாளில் அவர் தூங்குகிறாரா?