முகத்திரையும் வாக்குச்சாவடியும்

கேள்வி: மேலப்பாளையத்தில் எனக்குத் தேர்தல் பணி போட்டிருக்கிறார்கள். பட்டியலைப் பார்த்து ஆளைச் சரிபார்க்கும் வேலை. முகத்தை மூடி வருபவர்களிடம் திரையை எடுக்கச் சொன்னால் பிரச்சினை ஆகுமோ என்று பயம். சொல்லாவிட்டால் கட்சி ஏஜென்டுகள் சண்டைக்கு வருவார்கள். "பிரான்ஸில் சட்டமே இருக்கிறது, உனக்கென்ன பயம்?" என்கிறார் என் கணவர்.
– ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: பிரான்ஸ் சட்டம் நமக்கு எதற்கு? 2011 ஏப்ரலில் இருந்து அங்கே பொது இடத்தில் முகத்தை மூடினால் 150 யூரோ வரை அபராதம். அந்த ஊரிலும் போலீஸ்காரர் தன் கையால் திரையை இழுக்கக் கூடாது என்று அரசே சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் நாட்டில் அப்படி ஒரு தடையே கிடையாது. உங்கள் வேலை, வந்திருப்பவர் பட்டியலில் உள்ளவர்தானா என்று பார்ப்பது, அவ்வளவுதான்.

அதற்கு முகத்தைப் பார்த்தாக வேண்டும், அதில் தயங்காதீர்கள். கோஷா, அதாவது முகத்தை மறைத்து வரும் பெண்களின் படம் வாக்காளர் பட்டியலில் கூடாது என்று போட்ட வழக்கை 2006-லேயே சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆனால் யார் பார்ப்பது, எங்கே வைத்துப் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்படிப்பட்ட பெண்கள் நிறைய வரும் சாவடியில் தனி மறைப்பு கட்டி, பெண் அலுவலரே அடையாளம் பார்த்து மை வைக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. செலவில்லாமல் கட்டில், துணி கொண்டு மறைப்பு செய்யலாம் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். கயிற்றுக் கட்டிலை நினைத்துத்தான் யாரோ எழுதியிருக்க வேண்டும்!

உங்களுக்குப் பள்ளிக்கூட பெஞ்சும் பழைய சேலையும் போதும். முந்தின நாள் சாயங்காலமே மூலையைப் பார்த்து வையுங்கள். வாசலையும் ஜன்னலையும் பார்த்த மாதிரி இருக்கக் கூடாது.

அப்புறம், கேட்கிற விதம். "முகத்தைக் காட்டுங்க" என்று மேஜையிலிருந்து சத்தம் போட்டால் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். "இப்படி உள்ள வாங்கம்மா, கார்டை ஒருதடவை பார்த்துக்கிடுதேன்" என்றால் முக்கால்வாசிப் பேர் நீங்கள் கேட்கும் முன்பே தூக்கிவிடுவார்கள். வயதானவர்களில் சிலர் முகத்தை மூடவே மாட்டார்கள். என் சின்ன வயதில் மேலப்பாளையத்தில் வெள்ளைத் துப்பட்டிதான், கறுப்பு பர்தா பிறகு வந்தது. கையுறை போட்டிருந்தால் அதையும் அங்கேயே கழற்றச் சொல்லுங்கள். இடது ஆள்காட்டி விரலில் மை வைக்க வேண்டுமே.

ஏஜென்ட் சத்தம் போட்டால் நீங்கள் வாதாட வேண்டாம். ஆள் மேல் சந்தேகம் என்றால் அவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், விசாரிப்பது தலைமை அலுவலர் பாடு. பெரும்பாலும் 2 ரூபாய் என்றதுமே குரல் இறங்கிவிடும். ஆண் ஏஜென்ட் எட்டிப் பார்க்க மட்டும் விடாதீர்கள். அங்கே பெண் ஏஜென்ட் இருந்தால் அவர் வந்து பார்க்கட்டும்.

கயிறும் நாலைந்து துணிக் கிளிப்பும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.