பினாங்கை ஆங்கிலேயர் ஏன் சுங்கமில்லாத் துறைமுகமாக்கினார்கள்?

வந்திறங்கும் சரக்குக்கும் ஏறிப் போகும் சரக்குக்கும் தீர்வை வாங்காத துறைமுகத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இன்றைய மலேசியாவிலுள்ள பினாங்குத் தீவில் கொடியேற்றியபோது, அங்கே அமைத்த ஜார்ஜ் டவுன் நகரை இப்படித்தான் தொடங்கினார். அதே கடல்வழியில் இருந்த பழைய துறைமுகமான மலாக்கா அப்போது டச்சுக்காரர் கையில். பேர் தெரியாத ஒரு கரைக்கு வணிகர்களை வரவைக்க வேண்டுமே! புதுச் சந்தையில் முதல் சில மாதம் கடை வாடகை வாங்காமல் விடுவார்கள் அல்லவா, அது போல.

கூட்டம் சேர்ந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பலர் அங்கேயே தங்கினார்கள். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்காவே இருக்கிறது.

சரி, கம்பெனிக்கு வருமானம்? அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். பிழைக்க வந்த கூலிகளின் காசுதான் கஜானாவுக்குப் போனது. நகரின் அழகைப் பேசுபவர்கள் இதையும் பேச வேண்டும். 1800-களின் தொடக்கத்தில் சுங்கமும் வந்துவிட்டது.

பினாங்கு அதுவரை கெடா என்ற மலாய் அரசுக்குச் சொந்தம். கெடா சுல்தான் தீவைச் சும்மா தூக்கிக் கொடுத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) எதிராகப் படை உதவி கிடைக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார், அது வரவில்லை, 1791-இல் மீட்கப் பார்த்துத் தோற்று, ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலருக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.